கயிற்றுக்கு முன்னால் போகிறவர்கள்

மலையேறுகிறவர் என்று யாரையாவது அறிமுகப்படுத்தினால் நம் ஊரில் வரும் முதல் கேள்வி, “எவரெஸ்ட் ஏறியாச்சா?” கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. 8,848.86 மீட்டர். அதற்குமேல் பூமியில் கால்வைக்க இடம் கிடையாது. ஆனால் மலையேற்றத்துக்கென்றே வாழ்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது இந்தக் கேள்வி வருவதே அபூர்வம். எந்தப் பக்கமாக ஏறினார்கள்? எத்தனை பேர்? கயிற்றைக் கட்டியது யார்? ஆக்சிஜன் எடுத்தார்களா? எந்த வழியாக இறங்கினார்கள்? இவற்றுக்குப் பதில் தெரிந்த பிறகுதான் மலையின் பெயரிலும் உயரத்திலும் அவர்களுக்கு அக்கறை பிறக்கும். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். பாடகர் கீர்த்தனையைப் பாடி முடித்தாரா என்று எந்த ரசிகரும் விசாரிப்பதில்லை.

இந்த ரசனை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க 1985-ஆம் ஆண்டைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஏப்ரல் 21-ஆம் தேதி கிறிஸ் போனிங்டன் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். பிரிட்டிஷ் மலையேற்றத்தின் பெரிய பெயர்களில் ஒன்று அது. 1970-இல் அன்னபூர்ணாவின் தெற்குச் சுவர், 1975-இல் எவரெஸ்டின் தென்மேற்குச் சுவர் ஆகிய இரண்டு மாபெரும் ஏற்றங்களையும் தலைமையேற்று நடத்தியவர் அவர். இரண்டிலும் உச்சிக்குப் போனவர்கள் வேறு ஆட்கள். 1975-இல் டக் ஸ்காட்டும் டூகல் ஹாஸ்டனும் மாலை மங்கும் வேளையில் உச்சியைத் தொட்டு, இறங்கும் வழியில் தென் உச்சியருகே பனியில் குழி தோண்டி, கூடாரமோ உறக்கப்பையோ இல்லாமல் இரவைக் கழித்துவிட்டு உயிரோடு திரும்பினார்கள். போனிங்டன் கீழே இருந்து ஆட்களையும் சுமைகளையும் நகர்த்திக்கொண்டிருந்தார். பத்து ஆண்டு கழித்து, 50 வயதில், ஒரு நார்வேக் குழுவோடு சேர்ந்து, ஆக்சிஜன் துணையுடன், எல்லோரும் போகும் தென்கிழக்கு முகடு வழியாகவே ஏறினார். இடைப்பட்ட ஆண்டுகளில் நெருங்கிய நண்பர்கள் பலரை மலைகளில் பறிகொடுத்திருந்தார். பீட்டர் போர்ட்மனும் ஜோ டாஸ்கரும் காணாமல் போனது இதே எவரெஸ்டின் வடகிழக்கு முகட்டில்தான், 1982-இல். உச்சியில் உட்கார்ந்து அவர் அழுதார்.

எவரெஸ்ட் ஏறியவர்களிலேயே அதிக வயதானவர் என்ற பெயர் அவரிடம் ஒன்பது நாள்தான் இருந்தது. ஏப்ரல் 30 அன்று டிக் பாஸ் என்ற 55 வயது அமெரிக்கத் தொழிலதிபர் அதே உச்சிக்கு வந்து சேர்ந்தார். கூடவே டேவிட் பிரீஷியர்ஸ் என்ற தேர்ந்த மலையேறி. ஏழு கண்டங்களின் ஏழு உயர்ந்த சிகரங்களையும் ஏறி முடித்த முதல் ஆள் டிக் பாஸ். இளமை முழுவதையும் மலைக்குக் கொடுத்தவர் அல்ல. உடல் வலுவும் மன உறுதியும் பணமும் நல்ல துணையும் உள்ள ஒருவர் உலகின் உச்சிக்குப் போய்வர முடியும் என்பதை அவர் நிரூபித்தார். இன்றைய வழிகாட்டி ஏற்றங்களின் தொழில் அந்த நாளிலிருந்து கிளைத்தது என்று சொல்வது வழக்கம்.

அதே வருடம் ஜூலையில், பாகிஸ்தானின் காரகோரம் மலைகளில், கேஷர்ப்ரம் 4 என்ற சிகரத்தின் மேற்குச் சுவரில் இரண்டே பேர் ஏறத் தொடங்கினார்கள். போலந்தின் வோய்டெக் குர்டிகா, ஆஸ்திரியாவின் ராபர்ட் ஷாவர். 7,925 மீட்டர். 8,000-க்கு 75 மீட்டர் குறைவு. அந்தக் குறைவினால் பட்டியல் போட்டு ஏறுகிறவர்கள் எவரும் அந்தப் பக்கம் வருவதில்லை. மேற்குச் சுவரின் உயரம் மட்டும் சுமார் 2,500 மீட்டர். அதன் மேற்பகுதி வெளிறிய பளிங்குப் பாறை. மாலை வெயில் விழும்போது பனியாறு நெடுகத் தெரியும்படி ஒளிரும். பார்க்க அழகான அந்தப் பளிங்குதான் ஏறுகிறவருக்கு எமன். பாறை ஆணியை அறைந்து இறக்க விரிசல் கிடைக்காது. கயிற்றின் முழு நீளத்துக்கும் இடையில் நம்பத்தக்க பிடிப்பு ஒன்றுகூட இல்லாமல் முன்னால் போகிறவர் ஏறுவார். அவர் விழுந்தால் கீழே நிற்பவரும் சேர்ந்தே போவார். இருவருக்கும் அது தெரியும். அப்படியே நாள்கணக்கில் ஏறினார்கள். சுவரின் மேல்விளிம்பை நெருங்கும்போது புயல் பிடித்துக்கொண்டது. உணவு தீர்ந்தது. எரிவாயு தீர்ந்தது, அதாவது பனியை உருக்கிக் குடிக்கத் தண்ணீரும் கிடையாது. தங்களோடு மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பதாக இருவருக்குமே தனித்தனியாகத் தோன்றியது. புயல் விட்டதும் சுவரின் தலைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து முகட்டின் வழியே போனால் உச்சி. போகவில்லை. வடமேற்கு முகடு வழியாக இறங்கினார்கள். பத்து நாளுக்கும் மேல் அந்த மலையில் இருந்துவிட்டு, உச்சியைத் தொடாமல் திரும்பினார்கள்.

இந்த மூன்றில் இன்றைக்கும் மலையேறிகள் தாழ்ந்த குரலில் மரியாதையோடு பேசுவது எதைப் பற்றி? உச்சியைத் தொடாத அந்த ஏற்றத்தைப் பற்றித்தான். இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த ஏற்றங்களுள் ஒன்றாக அதை வைக்கிறார்கள். அந்தச் சுவரில் பின்னாளில் வேறு வழியாக ஏறியிருக்கிறார்கள். குர்டிகாவும் ஷாவரும் போன கோட்டில் யாரும் மறுபடி போகவில்லை.

இதை மேட்டிமை என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. மலையேற்றம் ஒரு கலையாக இருக்குமானால் அதன் சாரம் உடல் வலிமையிலோ உயரத்திலோ இல்லை, முடிவெடுப்பதில் இருக்கிறது. இந்தப் பனிமேடு என் எடையைத் தாங்குமா? இடப்பக்கம் போவதா, வலப்பக்கமா? கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போவதா, விட்டுவிட்டு வேகமாகப் போவதா? மேகம் ஏறி வருகிறது, நின்றுகொள்வதா, இறங்குவதா? ஒவ்வொரு முடிவுக்கும் உயிர் பணயம். விடை எழுதிவைத்த தாள் எங்கும் கிடையாது. குர்டிகாவும் ஷாவரும் போன சுவரில் கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு மீட்டரும் அப்படிப்பட்ட முடிவு. உச்சிக்குப் போகாமல் இறங்கியதும் அவற்றுள் ஒன்று. ஒரு சிகரத்தின் படத்தை விரித்துவைத்துக்கொண்டு, அங்கே அந்த மனிதர்கள் இழுத்த கோட்டை விரலால் தொடர்ந்து போய், இந்த இடத்தில் ஏன் திரும்பினார்கள், இங்கே எப்படிக் கடந்தார்கள் என்று யோசிப்பதில் இருக்கும் இன்பம், ரசிகர்களுக்கு மட்டுமே தெரிந்த இன்பம்.

வழிகாட்டிகள் அழைத்துப்போகும் புகழ்பெற்ற சிகரங்களில் அந்த முடிவுகளுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

எவரெஸ்டின் நேபாளப் பக்கம். ஒவ்வொரு வசந்தத்திலும் முதலில் வருகிறவர்கள் ‘ஐஸ்ஃபால் டாக்டர்கள்’ என்று அழைக்கப்படும் ஷெர்பா குழு. கும்பு பனியாறு செங்குத்தாகச் சரிந்து, வீடளவு பனிக்கட்டிகளாக உடைந்து கிடக்கும் இடத்தில், எங்கே நுழைந்து எங்கே வெளியேறுவது என்று அவர்கள் வழி பார்க்கிறார்கள். பிளவுகளுக்குக் குறுக்கே அலுமினிய ஏணிகளைப் போட்டு, கயிறு கட்டி, இரண்டாம் முகாம்வரை பாதையைத் தயார் செய்கிறார்கள். அதற்குமேல் வேறொரு ஷெர்பா குழு ல்ஹோட்சே சரிவு, சவுத் கோல் கணவாய், உச்சிவரை கயிற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கூடாரம், அடுப்பு, ஆக்சிஜன் உருளைகள் எல்லாம் ஷெர்பாக்களின் முதுகில் ஏறி அந்தந்த முகாமில் காத்திருக்கும். மே மாதம் வந்து மேல்வானத்துக் காற்று தணியும் சில நாள்களை வானிலை அறிக்கை சொல்லிவிடும். அதற்குப் பிறகு வாடிக்கையாளர் செய்ய வேண்டியது, கயிற்றில் ஜூமார் என்ற பிடிகருவியை மாட்டி மேலே தள்ளுவது, முடிச்சு வரும் இடத்தில் கழற்றி அடுத்த கயிற்றில் மாட்டுவது, நடப்பது. ஆக்சிஜன் முகமூடி மலையின் உயரத்தையே குறைத்துவிடுகிறது. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், உருளை திறந்திருக்கும்வரை உடம்பு அந்த உயரத்தில் இல்லை.

இது சுலபம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் குளிரில், அந்தக் களைப்பில், நள்ளிரவில் எழுந்து நடப்பதற்கு அசாத்திய மன உறுதி வேண்டும். பல ஆண்டு சேமிப்பையும் உழைப்பையும் கொட்டி அங்கே போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கண்ணீரும் பெருமையும் உண்மையானவை. ஆனால் எங்கே கால்வைப்பது என்ற கேள்விக்கு அவர்கள் வரும் முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது. தீவிர மலையேறிகளுக்கு அந்தப் பாதையின் மேல் இருப்பது வெறுப்பைவிட ஆர்வமின்மை. அங்கே அவர்கள் யோசிக்க எதுவும் மிச்சமில்லை.

முடிவெடுக்கும் உரிமையைக் கைமாற்றிவிட்டால் ஆபத்தும் வேறு உருவம் எடுக்கிறது. 1996 மே 10 அன்று தென்கிழக்கு முகட்டின் மேற்பகுதியில் கயிறு முன்கூட்டியே கட்டப்படவில்லை. ஹிலாரி ஸ்டெப் என்ற பாறைப் படிக்குக் கீழே ஆட்கள் காத்து நின்றார்கள். மதியம் இரண்டு மணிக்குள் எங்கிருந்தாலும் திரும்ப வேண்டும் என்பது பேச்சு. நான்கு மணிவாக்கில்கூட உச்சிக்குப் போனவர்கள் உண்டு. மாலையில் புயல் வந்தது. அந்த இரண்டு நாளில் மலையின் இரு பக்கமுமாக எட்டுப் பேர் இறந்தார்கள். ராப் ஹால், ஸ்காட் ஃபிஷர் என்ற இரண்டு தேர்ந்த வழிகாட்டிகளும் அவர்களுள் அடக்கம். 2019 மே 22 அன்று நிர்மல் புர்ஜா எடுத்த படத்தில் உச்சி முகட்டில் வண்ண வண்ண உடைகளில் நீண்ட வரிசை நிற்கிறது. உலகமே அதைப் பார்த்து நெரிசல் என்றது. மலையேறிகளின் கண்ணுக்குப் பட்டது வேறு. வேகம்தான் அந்த உயரத்தில் பாதுகாப்பு. அந்த வரிசையில் நிற்கும் எவருக்கும் தன் வேகம் தன் கையில் இல்லை.

உயரமான மலைகளைவிட எனக்கு அதிக வருத்தம் தருவது அமா தப்லம். 6,812 மீட்டர்தான். எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடந்துபோகிற எல்லோரும் வழியில் நின்று பார்க்கும் சிகரம். அதன் வடிவத்தைப் பார்த்து நிற்காமல் நடந்தவர்கள் இருக்க மாட்டார்கள். 1961 மார்ச்சில் மைக் கில், பாரி பிஷப், மைக்கேல் வார்ட், வாலி ரோமானஸ் ஆகிய நால்வர் அதன் தென்மேற்கு முகட்டில் ஏறினார்கள். அந்த முகட்டில் கிரானைட் பாறையும் பனியும் மாறி மாறி வரும். பாறையில் கை வைத்து, விரிசலில் விரல் செருகி, உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி மாற்றி ஏற வேண்டிய இடங்கள். கீழே இரு பக்கமும் காற்று மட்டும். இன்று பருவகாலத்தில் அந்த முகடு முழுவதும் கயிறு தொங்குகிறது. ஜூமாரைப் பிடித்துத் தொங்கியபடி போகிறவர் பாறையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. எவரெஸ்டின் வழக்கமான பாதையில் பெரும்பகுதி பனிச்சரிவில் நடப்பதுதான், அங்கே கயிறு கெடுப்பது குறைவு. அமா தப்லத்தில் கயிறு மறைப்பது மலையின் மிகச் சிறந்த பகுதியை. அங்கே ஏறிவிட்டு, அந்தப் பாறையின் சொரசொரப்பு விரலில் படாமலே திரும்பி வரலாம் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கிளிமஞ்சாரோவைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது அழகான நடை. அங்கே யாரும் அதை வேறெதுவாகவும் சொல்லிக்கொள்ளாதவரை எவருக்கும் குறை இல்லை.

வழிகாட்டியோடு ஏறுவதே இழுக்கு என்று வாதிடுகிறவர்கள் தங்கள் கலையின் வரலாற்றை மறந்தவர்கள். ஆல்ப்ஸில் மலையேற்றம் பிறந்ததே வழிகாட்டிகளின் தோளில். சாமோனியில் வழிகாட்டிகளின் அமைப்பு 1821-இலேயே உருவாகிவிட்டது. லண்டனில் ஆல்பைன் கிளப் தொடங்கியது 1857-இல்தான். கனவான்கள் வழிகாட்டியோடு ஏறினார்கள், வீட்டுக்குப் போய்ப் புத்தகம் எழுதினார்கள். பனியில் படி வெட்டியவர்கள், வழி கண்டவர்கள் அந்தப் பள்ளத்தாக்குகளின் விவசாயிகள். ஆண்டீஸ் மலையின் அகோன்காகுவாவை (6,961 மீட்டர்) எடுத்துக்கொள்ளுங்கள். இன்று வழிகாட்டிக் குழுக்கள் அதிகம் போகும் சிகரங்களில் அது ஒன்று. 1897-இல் எட்வர்ட் ஃபிட்ஜெரால்டு என்ற செல்வந்தர் அங்கே ஒரு குழுவைக் கூட்டிப்போனார். உயர நோய் அவரைத் திரும்பத் திரும்ப மடக்கிப் போட்டது. ஜனவரி 14 அன்று அவர் கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி மத்தியாஸ் சுர்பிரிகன் தனியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். தென்னமெரிக்காவின் உச்சியில் முதலில் நின்ற மனிதர், பதிவுகளின்படி, ஒரு வழிகாட்டி. அதனால்தான் ‘கைடு வைத்து ஏறியது’ என்று ஒற்றை வரியில் ஒரு ஏற்றத்தை ஒதுக்குவதை நான் ஒப்புவதில்லை. கேட்க வேண்டியது, அந்தக் கயிற்றின் முனையில் முன்னால் போனவர் யார் என்பது.

இந்தக் கேள்வியோடு எவரெஸ்டுக்குத் திரும்பினால் காட்சி மாறிவிடுகிறது. அந்தப் புகழ்பெற்ற பாதையில் ஒவ்வொரு ஆண்டும் உண்மையான மலையேற்றம் நடக்கத்தான் செய்கிறது. ஐஸ்ஃபாலில் பனி நாள்தோறும் நகரும், நேற்றைய வழி இன்று இருக்காது. அங்கே முதல் காலடி வைக்கிறவர் எடுக்கும் முடிவுகள் குர்டிகா எடுத்த முடிவுகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2014 ஏப்ரல் 18 அன்று மேற்குத் தோளிலிருந்து சரிந்த பனி, ஐஸ்ஃபாலில் இருந்த 16 நேபாளத் தொழிலாளர்களைக் கொன்றது. இறந்தவர்களில் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. மறு ஆண்டு ஐஸ்ஃபால் டாக்டர்கள் பாதையை அந்தத் தோளுக்கு அடியிலிருந்து விலக்கி நடுப்பகுதிக்குக் கொண்டுபோனார்கள். நடுப்பகுதியில் பிளவுகள் அதிகம், வழி கடினம். ஆனால் தலைக்குமேல் தொங்கும் பனி குறைவு. எந்த ஆபத்தை ஏற்பது, எதை மறுப்பது என்ற இந்தத் தேர்வை மலையேற்றத்தின் உயர்ந்த விஷயமாகவே நான் மதிக்கிறேன். அதைச் செய்தவர்களின் பெயர்கள் மே மாதச் செய்திகளில் வருவதில்லை.

அங் ரீட்டா ஷெர்பாவின் பெயராவது பரவலாகத் தெரிய வேண்டும். ஆக்சிஜன் உருளை இல்லாமல் எவரெஸ்டில் பத்து முறை ஏறியவர். அவற்றில் ஒன்று 1987 டிசம்பர் 22 அன்று, கடும் குளிர்காலத்தில். ஆக்சிஜன் வேண்டுமா கூடாதா என்ற வழக்கு எவரெஸ்ட் முயற்சிகளைவிடச் சற்றே இளையது: 1922-இல் ஜார்ஜ் ஃபிஞ்ச் உருளைகளைச் சுமந்துகொண்டு, மற்றவர்களைவிட உயரமாகச் சுமார் 8,300 மீட்டர்வரை போன நாளிலிருந்து அது நடக்கிறது. 1978 மே 8 அன்று ரைன்ஹோல்டு மெஸ்னரும் பீட்டர் ஹேபலரும் உருளையில்லாமல் உச்சிக்குப் போனபோது வழக்கு ஒருவகையில் தீர்ந்தது. மனித உடம்பால் முடியும் என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆக்சிஜன் ஒரு தேவையாக இல்லாமல் தெரிவாக மாறியது, தெரிவு என்றால் அதற்கு மதிப்பெண் உண்டு. உச்சிக்குப் போனவர்களில் மிகச் சிறு பங்கினர்தான் அந்தத் தெரிவைச் செய்திருக்கிறார்கள்.

2013-இல் இரண்டு உலகங்களும் ஒரே சரிவில் முட்டிக்கொண்டன. ஏப்ரல் 27 அன்று ல்ஹோட்சே சரிவில் ஷெர்பாக்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஊலி ஸ்டெக், சிமோனே மோரோ, ஜோனதன் கிரிஃபித் ஆகிய மூவர், உலகின் தலைசிறந்த மலையேறிகளில் சிலர், கயிற்றைப் பயன்படுத்தாமல் பக்கவாட்டில் ஏறி அவர்களைக் கடந்தார்கள். வாய்ச்சண்டை மூண்டது. பிறகு இரண்டாம் முகாமில் ஒரு கூட்டமே திரண்டு அவர்களைத் தாக்கியது. மூவரும் மலையை விட்டே போனார்கள். கைவைத்ததற்கு நியாயம் கிடையாது. ஆனால் கயிறு கட்டி முடியும்வரை யாரும் மேலே வர வேண்டாம் என்று ஷெர்பாக்கள் கேட்டது நியாயமானது என்றே நினைக்கிறேன். அந்தச் சரிவில் அன்று முன்னால் ஏறிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தன் தலைக்குமேல் ஆள் போனால் பனிக்கட்டி விழும் என்ற அச்சம் எந்த மலையேறிக்கும் உண்டு. பெரிய மலையேறிகள் அந்தச் சரிவைத் தங்கள் உடம்பைப் பழக்கப்படுத்தும் இடமாகப் பார்த்தார்கள். கயிறு கட்டியவர்களுக்கு அது வேலை, கௌரவம், வீட்டுக்குக் கொண்டுபோகும் சம்பளம்.

2021 ஜனவரி 16 அன்று, அதுவரை குளிர்காலத்தில் எவரும் தொடாத கே2-வின் உச்சிக்குக் கீழே பத்து நேபாளிகள் நின்று, ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, கடைசி சில மீட்டர்களைச் சேர்ந்தே நடந்தார்கள். நிலைக்கயிறு கட்டி, பெரும்பாலோர் ஆக்சிஜனோடு ஏறினார்கள் என்று பாணியைக் கறாராகப் பார்ப்பவர்கள் குறித்துக்கொண்டார்கள். சரிதான். ஆனால் பல தலைமுறையாகப் பிறருக்காகக் கயிறு கட்டியவர்கள் அன்று தங்களுக்காகக் கட்டினார்கள். ரசிகனாக எனக்கு அந்தக் குறிப்பைவிட இது பெரிதாகப் படுகிறது. அடுத்த ஆண்டு கோடையில், 2022 ஜூலை 22 அன்று, ஒரே நாளில் 100-க்கும் மேற்பட்டோர் அதே உச்சியில் நின்றார்கள் என்பதும் அந்தக் கதையின் பகுதிதான். கே2-கூட வழிகாட்டி மலைகளின் வரிசையில் சேர்ந்துவிட்டது.

தீவிர மலையேறிகள் கூட்ட மலைகளை முற்றாக விட்டு விலகிவிட்டார்கள் என்றும் எண்ண வேண்டாம். அலாஸ்காவின் தெனாலியில் (6,190 மீட்டர்) இதை நன்றாகப் பார்க்கலாம். 1951-இல் பிராட்ஃபோர்டு வாஷ்பர்ன் கண்ட மேற்குத் தாங்குமுகட்டு வழியில்தான் இன்று பெரும்பாலோர் ஏறுகிறார்கள். அந்த வழியின் 4,300 மீட்டர் முகாமில், வழிகாட்டியோடு வந்தவரும் மலையின் மறுபக்கத்துக்குக் கண்வைத்திருப்பவரும் அடுத்தடுத்த கூடாரங்களில் அடுப்பு மூட்டுவார்கள். இரண்டாமவர் அங்கே உடம்பைப் பழக்கிக்கொண்டு, நல்ல வானிலை வந்ததும் தெற்குப் பக்கம் போய்விடுவார். அங்கே 1961-இல் ரிக்கார்டோ காசினின் இத்தாலியர்கள் ஏறிய முகடு இருக்கிறது. அதன் அருகே 1984-இல் மூன்று ஸ்லோவாக்கியர்கள் நாள்கணக்கில் போராடி ஏறிய நேர்வழியும் இருக்கிறது. 2000-இல் ஸ்டீவ் ஹவுஸ், மார்க் ட்வைட், ஸ்காட் பேக்ஸ் மூவரும் அந்த ஸ்லோவாக்கிய வழியைக் கூடாரம், உறக்கப்பை எதுவும் எடுக்காமல் 60 மணி நேரத்தில் ஒரே மூச்சில் ஏறினார்கள். நிற்பது பனி உருக்கிக் குடிக்க மட்டும். எதை எடுத்துப்போகாமல் விடுவது என்ற முடிவுதான் அந்த ஏற்றம் முழுவதும். ஏறியபின் இறங்கியது கூட்டம் போகும் பாதையில். ஒரே மலை, ஒரே உச்சி.

போனிங்டனிடம் ஒருமுறை திரும்பிப் போகிறேன், நம் நாட்டுக் கதை என்பதால். எவரெஸ்டுக்கு இரண்டு ஆண்டு முன்பு, 1983-இல், அவரும் ஜிம் ஃபாதரிங்கமும் கங்கோத்ரிக்கு மேலே வந்தார்கள். வந்தது வேறொரு மலைக்கு. தபோவனத்தின் தலைமேல் நிமிர்ந்து நிற்கும் சிவலிங்கத்தைப் பார்த்ததும் திட்டம் மாறியது. முதுகில் சில நாள் உணவோடு, இரண்டே பேராக, அதன் இரு உச்சிகளில் சற்றுத் தாழ்ந்ததன் தென்கிழக்கு முகட்டில் ஏறினார்கள். உதவிக்கு ஆள் இல்லை, நிலைக்கயிறு இல்லை, முன்பின் யாரும் போகாத வழி. எவரெஸ்டில் அவர் கண்ணீர்விட்டதை நான் மதிக்கிறேன். அது நட்புக்கும் இழப்புக்குமான கண்ணீர். ஆனால் மலையேற்றத்தின் ருசி எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால், பார்த்ததும் மனம் மாறிப்போன அந்தச் சில நாள்களைத்தான் காட்டுவேன். அவருடைய வாழ்க்கையில் நூறு பேர் சுமை தூக்கிய பெரும் படையெடுப்புகளும் உண்டு, இதுவும் உண்டு. இது எனக்கு உசத்தி.

எவரெஸ்ட் ஏறுவதற்கான பர்மிட் கட்டணத்தை நேபாளம் 2025-இல் 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராக உயர்த்தியது. எவரெஸ்ட் கூட்டம் அதனால் குறையுமென்று எனக்குத் தோன்றவில்லை. குறைய வேண்டும் என்பதும் என் கவலை இல்லை. கூட்டம் இருப்பது இரண்டு முகடுகளில் மட்டும்: நேபாளத்திலிருந்து தென்கிழக்கு, திபெத்திலிருந்து வடக்கும் வடகிழக்கும் சேர்ந்த வழி. மற்றபடி எவரெஸ்ட் காலியாகக் கிடக்கிறது. 1963-இல் டாம் ஹார்ன்பெய்னும் வில்லி அன்சோல்டும் மேற்கு முகட்டில் ஏறி, அந்தப் பக்கம் திரும்ப முடியாது என்று தெரிந்தே உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கினார்கள். 1986-இல் எர்ஹார்டு லொரேட்டானும் ஷான் ட்ராயேவும் வடக்குச் சுவரில் கயிறு, கூடாரம், ஆக்சிஜன் எதுவுமில்லாமல் இரவில் ஏறி, பகலில் பனிக்குழியில் ஓய்ந்து, இரண்டு நாளுக்குள் போய்வந்தார்கள். இறங்கும்போது பெரும்பகுதி உட்கார்ந்தபடி சறுக்கியே வந்தார்கள். அந்த வழிகளில் இன்றைக்குப் போனாலும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

கிழக்கே காங்ஷுங் சுவர் இருக்கிறது. 1988-இல் ராபர்ட் ஆண்டர்சன், எட் வெப்ஸ்டர், பால் டியர், ஸ்டீஃபன் வெனபிள்ஸ் நால்வரும் ஷெர்பாக்களும் ஆக்சிஜனும் இல்லாமல் அதில் புது வழி கண்டு சவுத் கோலுக்கு வந்தார்கள். உயர நோய் தொட்டதும், மற்றவர்களின் ஏற்றம் தன்னால் கெட வேண்டாமென்று டியர் தனியே அதே சுவரில் இறங்கினார். வெனபிள்ஸ் மட்டும் உச்சிக்குப் போனார், இறங்கும் வழியில் திறந்தவெளியில் ஓர் இரவு கழித்தார், கால்விரல்கள் சிலவற்றை இழந்தார். அதே சுவரின் வலப்பக்கத்திலிருந்து வடகிழக்கு முகட்டுக்கு ஏறிச் செல்லும் ஒரு விளிம்பு உண்டு. ஃபேன்டசி முகடு என்று பெயர். நீளமானது, பனித் தொங்கல்கள் நிறைந்தது, பாதியில் விலகி இறங்க வழியில்லாதது. 1921-இல் பிரிட்டிஷ் மலையேறி மேலரி இந்தச் சுவரின் அடிவரை வந்து, இது நமக்கில்லை என்று திரும்பினார். இதுவரை ஒருவரும் அந்த முகட்டில் ஏறி முடித்ததில்லை.